60 நாளுக்குள் மதுரைக்குப் போவது யார்?

மாஜிஸ்திரேட் நீதிமன்றம் தண்டனை கொடுத்தால் 30 நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் அப்பீல் செய்ய வேண்டும். செஷன்ஸ் நீதிமன்றம் தண்டனை கொடுத்தால் 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். மரண தண்டனை என்றால் 30 நாள்தான். இது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் வைத்த கெடு. நெல்லை மாவட்டத்துக்காரர்களுக்கு உயர் நீதிமன்றம் என்பது 2004 முதல் மதுரைக் கிளை. தாமிரபரணிப் பாசனத்தில் கார் நெல்லை நட்டு அறுப்பதற்குள் இந்தக் கெடு முடிந்துவிடும்.

வசதி உள்ளவருக்கு 60 நாள் தாராளம். தீர்ப்பு நாளன்றே அவருடைய வழக்கறிஞர் அடுத்த வேலையைத் தொடங்கிவிடுவார். செங்கல் சூளைக்கும் வயலுக்கும் கூலிக்குப் போகும் சேரிக் குடும்பத்துக்கு அப்படி இல்லை. விசாரணை நடத்தவே கடன் வாங்கியிருப்பார்கள். சம்பாதிக்கிறவர் உள்ளே போயிருப்பார். மதுரையில் யாரைப் பார்ப்பது, என்ன காகிதம் கொண்டு போவது என்று சொல்ல ஆள் இருக்காது. 'தீர்ப்பு ஆகிவிட்டது, இனி என்ன' என்று வீடு ஓய்ந்துபோகும். நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். தண்டனைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நம்மவர். எனவே இந்தக் கெடு தவறுவதை ஒரு தனி மனிதரின் அசட்டை என்று தள்ளிவிட முடியாது.

அப்பீல் போடாவிட்டால் இழப்பது ஒரு வாய்ப்பை மட்டுமல்ல. தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீனில் விடச் சொல்லிக் கேட்பதற்கும் அப்பீல் நிலுவையில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் ஜாமீன் மனுவுக்கே இடமில்லை.

இந்தக் குறை உச்ச நீதிமன்றத்துக்கு 1978லேயே தெரியும். ஹோஸ்காட் என்பவருக்கு மகாராஷ்டிரத்தில் உயர் நீதிமன்றம் 1973 நவம்பரில் மூன்று ஆண்டு தண்டனை விதித்தது. அவர் உச்ச நீதிமன்றம் வந்தபோது நான்கு ஆண்டுக்கு மேல் தாமதமாகியிருந்தது. தீர்ப்பு நகலைக் கொடுத்ததாகச் சிறைக் கண்காணிப்பாளர் சொன்னார். அதை வாங்கியதற்குக் கைதியின் கையெழுத்து எதுவும் இல்லை. அவருடைய மனு தள்ளுபடியானது. ஆனால் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு எல்லாக் கைதிகளுக்கும் ஒரு வழியைத் திறந்தது: தீர்ப்பு நகலை இலவசமாகத் தர வேண்டும், சிறையில் கொடுக்கும்போது எழுத்தில் ஒப்புகை வாங்க வேண்டும், வழக்கறிஞர் வைக்க முடியாதவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் தர வேண்டும். கற்ற மனிதரான ஒரு பல்கலைக்கழக ஆசிரியருக்கே நேர்ந்த கதி இது. கைநாட்டு வைக்கும் கூலித் தொழிலாளிக்கு என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாளையங்கோட்டை மத்திய சிறைக்கு வருவோம். அங்கே கைதிகளைச் சாதி பார்த்துத் தனித்தனிப் பிரிவுகளில் அடைத்த வழக்கம், 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சுகன்யா சாந்தா வழக்கில் அளித்த தீர்ப்பில் இடம்பெற்றது. நெல்லை, தூத்துக்குடியில் சாதி மோதல் வருமென்று முன்பு சொல்லப்பட்ட காரணத்தை அந்தத் தீர்ப்பு ஏற்கவில்லை. சிறைப் பதிவேடுகளில் சாதி எழுதும் கட்டத்தையே நீக்கச் சொன்னது. நம் கோரிக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சாதிக் கட்டம் போகட்டும். அந்த இடத்தில் 'அப்பீலுக்குக் கடைசி நாள்' என்று ஒரு கட்டம் வரட்டும். அந்த நாளுக்குப் பத்து நாள் முன்பே சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் கைதியைப் பார்த்தாக வேண்டும்.

சட்டத்தில் இப்போதே இருக்கும் உரிமைகளை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு சொன்ன உடனே நகல் இலவசம் (பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, பிரிவு 404). சிறையில் இருப்பவர் அப்பீல் மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம்; அவர் அதை நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் (பிரிவு 424). 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டம் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் காவலில் இருப்பவருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. இதற்கு வருமானச் சான்று தேவையில்லை. தொலைபேசி எண் 15100. நகலுக்கு மனு போட்ட நாள் முதல் அது தயாராகும் நாள் வரை கெடுவில் சேராது. மனு போடத் தாமதித்த நாள்கள் சேரும். கெடு தவறிவிட்டாலும் தகுந்த காரணம் காட்டி, தாமதத்தை மன்னிக்கும்படி 5ஆம் பிரிவில் கேட்கலாம். சிறையும் வறுமையும் சொல்லக்கூடாத காரணங்கள் அல்ல.

பாதிக்கப்பட்டவர்களாக நாம் நிற்கும் வழக்குகளிலும் கெடு உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 14ஏ பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் அப்பீல் செய்ய 90 நாள். காரணம் காட்டினாலும் 180 நாளைத் தாண்டக்கூடாது என்கிறது அந்தப் பிரிவு. அந்த இறுதி வரம்பு செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2018இல் சொன்னது. அதை நம்பி நாம் இங்கே காத்திருக்க வேண்டாம். குற்றவாளிகள் விடுதலையானால் 90 நாளுக்குள் மதுரையில் மனு இருக்க வேண்டும்.

ஊரில் யாருக்காவது தீர்ப்பு வந்தால் அன்றே மூன்று தேதிகளை எழுதி வையுங்கள்: தீர்ப்பு நாள், நகலுக்கு மனு போட்ட நாள், அப்பீலுக்குக் கடைசி நாள். நெல்லை அரசு சட்டக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள், விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: 'உள்ளே இருக்கும் அண்ணனுக்கு அப்பீல் போட்டாச்சா?'