பழுதின் பழி யாருக்குரியது?

இயக்கத்தளத்தின் கருவாகிய கேர்ணல் புதுப்பிக்கப்பட்ட மறுநாள், கணினியின் கம்பியில்லா வலையமைப்பு அட்டை இயங்க மறுக்கிறது. அல்லது திரை இருண்டு கிடக்கிறது. உடனே இரு தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. புதிய கேர்ணல் பழுதானது, இனிப் புதுப்பித்தலே வேண்டாம் என்பது ஒன்று. சாதனம் பழையது, வேறொன்று வாங்குக என்பது மற்றையது. இவ்விரண்டும் காரணத்தை ஆராயாது கூறப்படுவன. அது மட்டுமன்று, பொறுப்புக் கூறவேண்டியவரை இவை தப்பவிடுகின்றன. லினக்ஸின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும்.

1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லைனஸ் ரோவல்ட்ஸ் தொடக்கிவைத்த லினக்ஸ் கேர்ணல், பயன்பாட்டு நிரல்களுக்கும் வன்பொருளுக்கும் இடையே நிற்பது. ஒவ்வொரு சாதனத்தையும் அதற்குரிய 'இயக்கி' என்னும் நிரலினூடாகவே அது கையாளுகிறது. பயன்பாட்டு நிரல்களை முறிக்கும் மாற்றம் எதுவும் செய்யலாகாது என்பது ரோவல்ட்ஸ் வலியுறுத்திவரும் விதி. ஆயின், கேர்ணலுக்கும் இயக்கிகளுக்கும் இடையிலான உள் இடைமுகத்திற்கு அத்தகைய உத்தரவாதம் இல்லை. கேர்ணலின் ஆவணங்களிலேயே கிரெக் குரோ-ஹார்ட்மன் இதனை வெளிப்படையாக எழுதியுள்ளார். யூ.எஸ்.பி. இடைமுகம் குறைந்தது மூன்று தடவை மாற்றியமைக்கப்பட்டமையை அவர் எடுத்துக்காட்டுகிறார். கேர்ணலின் மூலநிரலுக்குள் உள்ள இயக்கிகளை, இடைமுகத்தை மாற்றுபவரே திருத்திக் கொடுக்கவேண்டும். வெளியே மூடிவைக்கப்பட்ட இயக்கியை யார் திருத்துவது? மூலநிரலை மறைத்து வைத்திருக்கும் உற்பத்தியாளர் மட்டுமே. அவரது அக்கறையோ சாதனம் விற்பனையாகும் காலத்துடன் முடிந்துவிடக் கூடியது.

இடைமுகத்தை மாற்றாது வைத்திருந்தால் இத்தொல்லை நேராதே என வாதிப்போர் உளர். இடைமுகத்தை உறையச் செய்தால் அதிலுள்ள தவறுகளும் பாதுகாப்புக் குறைகளும் உடன் உறைந்துவிடும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அன்றியும், 2007இல் விண்டோஸ் விஸ்டா விற்பனைக்கு வந்தபோதும், உற்பத்தியாளர் புதிய இயக்கி எழுதிக் கொடுக்காத அச்சுப்பொறிகளும் வருடிகளும் பயனற்றுப் போயின. எனவே இது லினக்ஸின் கொள்கையால் மட்டும் விளைந்த கேடன்று. இயக்கியைத் திருத்தும் உரிமை ஒருவரிடமே இருப்பதால் விளைவது.

கேர்ணலை உருவாக்குவோரும் தவறு செய்வர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அத்தவறைத் தேடிப் பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பழைய கேர்ணலைத் தெரிந்து கணினியைத் தொடக்குதல் வேண்டும். அதில் சாதனம் இயங்குமாயின் வன்பொருள் பழுதாகவில்லை என்பது பெறப்படும். பின்னர் இரு கேர்ணல்களும் தொடங்கும்போது தரும் செய்திகளை ஒப்பிட்டு, இயக்கி ஏற்றப்பட்டதா, சாதனத்திற்குரிய நிலைபொருட் கோப்பு கிடைத்ததா என நோக்கலாம். இயக்கியின் மூலநிரல் திறந்திருப்பின், இரு பதிப்புகளுக்கிடையிலான மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கலாம். ஆயிரம் மாற்றங்களுள் குற்றமான ஒன்றைச் சுமார் பத்துச் சோதனைகளில் கண்டுவிடலாம். இவ்வாறு ஒரு மாணவன்கூடப் பழுதின் மூலத்தைச் சுட்டிக்காட்ட இயலும். மூடிய இயக்கியின் வாசலிலோ ஆராய்ச்சி நின்றுவிடுகிறது.

மூடிவைத்தல் தவிர்க்கவியலாதது என்பதும் பொய்த்துவிட்டது. 2012இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் உரையாடியபோது, வரைவியல் அட்டைகளைத் தயாரிக்கும் என்விடியா நிறுவனத்தின் ஒத்துழையாமையை ரோவல்ட்ஸ் கடுமையாகச் சாடினார். அதே நிறுவனம் 2022 மே மாதத்தில் தன் இயக்கியின் கேர்ணற் பகுதியின் மூலநிரலை வெளியிட்டது. அதுவரை இல்லாதிருந்தது ஆற்றலன்று, விருப்பமே.

ஒரு சாதனத்துக்காகப் பழைய கேர்ணலிலேயே தங்கிவிடுதல் பேதைமை. 'டேர்ட்டி கௌ' எனப்பட்ட பாதுகாப்புக் குறை 2007 முதல் கேர்ணலில் இருந்து, 2016 ஒக்டோபரிலேயே திருத்தப்பட்டது. புதுப்பித்தலை மறுத்தவருக்கு அத்திருத்தம் கிட்டியிராது. சாதனத்துக்குப் பணம் கொடுத்தவர் தம் பாதுகாப்பையும் ஈடுவைக்க நேர்கிறது.

ஆகவே, வாங்குமுன் விலையைக் கேட்போர் இயக்கி கேர்ணலுக்குள் உள்ளதா என்பதையும் கேட்டல் வேண்டும். ஆய்வுகூடங்களுக்குக் கணினிகளை மொத்தமாகக் கொள்வனவு செய்யும் பல்கலைக்கழகங்கள் இதனை ஒரு நிபந்தனையாகவே விதித்தல் வேண்டும். கேட்பார் பெருகும்வரை மூடிய கதவுகள் தாமாகத் திறக்கப் போவதில்லை.