எந்த ஜோன்ஸ்?

'ஜோன்ஸ் குடும்பச் சின்னம்' என்று காபி கோப்பையில் அச்சடித்து இணையத்தில் விற்கிறார்கள். வாங்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அங்கே சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான், பெயருக்கு இல்லை. அதோடு, வேல்ஸ் நாட்டு ஜோன்ஸ்கள் எல்லாம் ஒரே குடும்பமும் இல்லை!

நம் இனிஷியல் மாதிரிதான் அங்கேயும், அப்பா பெயர்தான் அடையாளம். 'அப்' என்றால் மகன். 1536, 1543 சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்த பிறகு, ஆங்கிலேய வழக்கப்படி குடும்பப் பெயர் மெல்ல நிலைத்தது. 'அப் ரீஸ்' பிரைஸ் ஆனது, 'அப் ஹவெல்' பவெல் ஆனது. ஜானுக்குப் பிறந்தவர்கள் ஜோன்ஸ். வசதியானவர்கள் முதலில் மாறினார்கள். சில ஊர்களில் ஏழைகள் 19-ம் நூற்றாண்டு வரை பழைய முறையை விடவில்லை.

ஆக, 1790-இல் பிறந்த டேவிட் ஜோன்ஸின் அப்பா ஜான் வில்லியம்ஸாக இருக்கலாம். ஜோன்ஸ் என்றே தேடிப் போனால் யாரோ ஒருவருடைய தாத்தாவிடம் போய் நிற்போம். என்னைக் கேட்டால், பெயரை விட்டுவிட்டு ஊரையும் பண்ணையையும் பிடிக்க வேண்டும். அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் 1858-க்கு முந்தைய உயில்கள் இருக்கின்றன. யார் மகன் யார் என்பது பல உயில்களில் தெரிந்துவிடும். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம், கோப்பைக் காசு மிச்சம் :-)