உண்ணியின் வாய்வழியே வரும் உட்பகை



ஒரத்தநாட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பல குடும்பங்களின் மாதச் செலவு ஒரு கறவை மாட்டின் மடியை நம்பியே நடைபெறுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். குறுவைக்குத் தண்ணீர் வராத ஆண்டிலும் இரு வேளையும் பால் ஊற்றினால் கையில் காசு புரளும். நகையை அடகு வைத்தேனும் ஒரு ஜெர்சிக் கலப்பினப் பசுவை வாங்கிவிடுவது இதனால்தான்.

எமது மதரஸாவில் ஓதும் பிள்ளை ஒருவனின் வீட்டில் அவ்வாறு வாங்கிய பசு, கன்று ஈன்ற சில வாரங்களில் காய்ச்சலில் விழுந்தது. கண்ணேறு என்றார் அவனுடைய நன்னி. தீவனக் கோளாறு என்றார் அண்டை வீட்டுக்காரர். எட்டாம் நாள் அழைக்கப்பட்ட கால்நடை மருத்துவர் காதோரத்திலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி, நுண்ணோக்கியில் பார்த்து, ‘தைலேரியா’ என்றார். மறுநாள் பசு மடிந்தது. கடன் மட்டும் நின்றது.

தைலேரியா என்பது ஒரே ஓர் உயிரணுவாலான ஒட்டுண்ணி. தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய ஆர்னால்டு தைலர் என்ற கால்நடை மருத்துவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. (1951இல் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காக நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் தைலர் இவருடைய மைந்தரே.) நம் நாட்டு மாடுகளைத் தாக்குவது இவ்வினத்தில் ‘அனுலாட்டா’ என்ற வகை. மாட்டின் காதுமடலிலும் மடிக்கு அருகிலும் தொற்றிக்கொண்டிருக்கும் உண்ணியின் உமிழ்நீரில் அது குடியிருக்கிறது.

உயிரணுவுக்குள் நுழையும் வித்தை எல்லா ஒட்டுண்ணிகளுக்கும் ஒன்றல்ல. மனிதரைப் பற்றும் மலேரியாக் கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். கொசுவின் வயிற்றில் அது வளர்வதை 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள் சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார் என்பது நாம் பள்ளியில் படித்ததே. அக்கிருமி நம் சிவப்பணுவை நெருங்கியதும் தன் கூர்முனையைத் திருப்பிப் பொருத்துகிறது. அம்முனையிலுள்ள நுண்ணிய பைகளிலிருந்து சில புரதங்களைப் பாய்ச்சி, அவற்றுள் ஒன்றைச் சிவப்பணுவின் மேற்சவ்விலேயே பதித்துவிடுகிறது. பின்னர் அதையே பிடியாகப் பற்றி உள்ளே தன்னை இழுத்துக்கொள்கிறது. பிறர் வீட்டுச் சுவரில் தானே ஆணி அடித்து, அதைப் பிடித்து ஏறும் கள்வன் எனலாம். இத்தனையும் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடுகின்றது! கலைப் பட்டம் பெற்ற எனக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

தைலேரியாவோ இப்படி முண்டியடிப்பதில்லை. அது மாட்டின் வெள்ளணுவின் மீது சும்மா ஒட்டிக்கொள்கிறது. வெள்ளணு தானே தன் சவ்வால் அதைச் சூழ்ந்து உள்ளே வாங்கிக்கொள்கிறது. உள்ளே போனதும் தன்னைச் சுற்றியுள்ள அச்சவ்வை விரைவிலேயே கரைத்துவிட்டு, அணுவின் நடுவே சுதந்திரமாக அமர்ந்துவிடும். வெள்ளணு உடலின் காவலாளி அல்லவா? காவல் நிலையத்துக்குள்ளேயே கள்வன் குடிபுகுந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

இனிமேல்தான் சூழ்ச்சி. புகுந்த வெள்ளணுவை அது கொல்வதில்லை. ஓயாது பெருகும்படி ஏவுகிறது. அணு இரண்டாகப் பிரியும் வேளையில், பிரிவை நடத்தும் நுண்ணிழைகளோடு தானும் ஒட்டிக்கொண்டு இரண்டாகப் பிரிந்து, இரு புதிய அணுக்களிலும் இடம் பிடிக்கிறது. ஏறத்தாழ இரத்தப் புற்றுநோயைப் போன்ற நிலை இது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மருந்தால் ஒட்டுண்ணியைக் கொன்றுவிட்டால் அணுக்களின் வெறிப்பெருக்கமும் நின்றுவிடுகிறது. புற்றுநோயை ஆராய்வோர் இச்சிற்றுயிரை இவ்வளவு கூர்ந்து நோக்குவது இதனாலேயே.

வெள்ளணுக்கள் பெருகுவதால் தோள்பட்டையின் முன்புறம் நெறி கட்டுகிறது. கடுங்காய்ச்சல் வருகிறது, பால் வற்றுகிறது. அடுத்த கட்டத்தில் ஒட்டுண்ணி சிவப்பணுக்களுக்குள் புக, இரத்தம் குன்றிக் கண்ணிமையின் உட்புறம் வெளிறிப் போகிறது. தலைமுறை தலைமுறையாக உண்ணிகளோடு வாழ்ந்து பழகிய நம் நாட்டு மாடுகள் பெரும்பாலும் இதைத் தாங்கி நிற்கின்றன. குளிர்நாட்டு இரத்தம் கலந்தவையே எளிதில் வீழ்கின்றன. அதிகப் பால் தரும் பசுவை வாங்குபவரிடம் இச்செய்தியையும் சேர்த்துச் சொல்பவர் மிகக் குறைவு.

புபர்வாக்குவோன் என்ற ஊசிமருந்து தொடக்கத்திலேயே போடப்பட்டால் நன்கு பலன் தரும். எட்டாம் நாள் வரை காத்திருக்கலாகாது. ஒரத்தநாட்டிலேயே 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கையில் தயக்கம் ஏன்? ஆய்வகத்தில் வளர்த்து வீரியம் குறைக்கப்பட்ட இதே ஒட்டுண்ணியைக் கொண்டு நம் நாட்டிலேயே தடுப்பூசியும் உருவாக்கப்பட்டது. உங்கள் மாட்டிற்கு அது தேவையா என்பதை மருத்துவரிடமே கேளுங்கள்.

தாய்மார்கள் கேட்கக்கூடிய ஒன்று: இந்நோய் மனிதருக்கு வருமா? வராது. ஆனால் ஊசி போடப்பட்ட மாட்டின் பாலை, மருத்துவர் குறிக்கும் கெடு முடியும் வரை பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். இறைச்சிக்கான கெடு அதைவிட நீண்டது. ஆகவே குர்பானிக்கென மாடு வாங்குவோர் அண்மையில் அதற்கு மருந்து எதுவும் செலுத்தப்பட்டதா என விசாரிப்பது நல்லது. சந்தையிலிருந்து வந்த எந்தக் கால்நடையையும் முதல் சில நாட்கள் கறவை மாட்டை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள்.

உண்ணி கடிக்கத் தொடங்கிய உடனே நோய் இறங்குவதில்லை. இரத்தம் குடிக்கத் தொடங்கிச் சில நாட்கள் கழிந்த பின்னரே அதன் உமிழ்நீரில் ஒட்டுண்ணி முதிர்கிறது. ஆதலால் நாள்தோறும் தடவிப் பார்த்து எடுத்துவிடுவது பெரும் பாதுகாப்பு. கொட்டகைச் சுவரின் வெடிப்புகளில்தான் உண்ணி முட்டையிடுகிறது; அவற்றைப் பூசி அடைத்துவிடுங்கள். எடுத்த உண்ணியை விரல் நகத்தால் நசுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. 2011இல் குஜராத்தில் மனித உயிர்களைப் பலிகொண்ட கிரிமியன் காங்கோ காய்ச்சலைப் பரப்புவதும் இதே இனத்து உண்ணிகளே. கையுறையோ பிளாஸ்டிக் பையோ அணிந்து எடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாவில் போட்டுவிடுங்கள்.