டிவிடியில் ஒலி: பெயரைப் பார்த்தல்ல, தேவையைப் பார்த்துத் தெரிவு செய்வோம்

பழைய வீடியோ நாடாக்களை டிவிடியாக மாற்றிக் கொடுப்பது, ஒரு கணனியும் கொஞ்சம் பொறுமையும் உள்ள எவரும் வீட்டிலிருந்தவாறே செய்யக்கூடிய தொழிலாகும். புதிய மடிக்கணனிகள் பலவற்றில் இறுவட்டுப் போடும் வசதியே இல்லாத இக்காலத்திலும், அலுமாரியில் கிடக்கும் கல்யாண நாடாக்களைத் தூக்கிக்கொண்டு வரும் வாடிக்கையாளர்கள் இருக்கவே செய்கின்றனர். ஆனால் இத்தொழிலில் இறங்குவோர் படத்தின் தெளிவுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட ஒலிக்குக் கொடுப்பதில்லை என்பதே எமது ஆதங்கம்.

எனது உறவினர் ஒருவர், மர்ஹூமான தன் வாப்பா பேசிய பழைய கல்யாண வீடியோ ஒன்றை இவ்வாறு மாற்றக் கொடுத்தார். அட்டையில் ‘5.1 சரவுண்ட்’ என்று பளிச்சென அச்சிட்டு, அதற்கென மேலதிகக் கட்டணமும் வாங்கினார்கள். வீட்டில் எல்லோரும் கூடியிருந்து போட்டுப் பார்த்தபோது, வாப்பாவின் குரல் முன்னும் பின்னுமாகச் சிதறி, எதிரொலித்து, யாரோ கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்டது. உம்மா பாதியிலேயே எழுந்து போய்விட்டார். நல்ல வேளையாக மூல நாடா கெட்டுப் போகவில்லை. அதையே சாதாரண இரட்டை ஒலியாக மீண்டும் பதிந்தபோது குரல் தெளிவாகக் கிடைத்தது.

ஒரேயொரு ஒலிவாங்கியில் பதிவானதை ஆறு ஒலிபெருக்கிகளுக்குப் பங்கிட்டால் புதிய ஒலி எதுவும் பிறந்துவிடாது. இல்லாத ஒன்றுக்குப் பணம் வாங்குவது நிறுவையில் குறைப்பதற்கு ஒப்பானதே.

அப்படியானால் எதைத் தெரிவு செய்வது? இலங்கையில் நாம் பயன்படுத்தும் பால் முறை டிவிடியில் பிரதானமாக மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, சுருக்கப்படாத பிசிஎம். இரண்டாவது, டொல்பி டிஜிட்டல். மூன்றாவது, எம்பெக் லேயர் 2. டிடிஎஸ் என்பது விரும்பினால் மேலதிகமாகச் சேர்க்கக்கூடியது மட்டுமே. எம்பி3க்கு டிவிடி வீடியோவில் இடமே இல்லை.

இனி கணக்கைப் பார்ப்போம். சாதாரண வெற்று டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். இரண்டு மணி நேர நிகழ்ச்சியின் இரட்டை ஒலியை பிசிஎம்மில் வைத்தால் ஏறத்தாழ 1,380 மெகாபைட் போய்விடும். அதையே டொல்பி டிஜிட்டலில் விநாடிக்கு 192 கிலோபிட் வீதம் வைத்தால் சுமார் 173 மெகாபைட் போதும். மிச்சமாகும் இடம் படத்துக்குப் போகும். முதல் வழியில் படத்துக்கு விநாடிக்கு 3.7 மெகாபிட் அளவே கிடைக்க, இரண்டாவதில் 5 மெகாபிட் கிடைக்கிறது. ஆடை அலங்காரமும் சன நெரிசலும் நிறைந்த கல்யாணப் படத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

எனவே எமது அபிப்பிராயம் இதுதான். நிகழ்ச்சி ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டதாயின் பிசிஎம்மையே வையுங்கள். இடமும் தாராளம், ஒலியும் பழுதுபடாது. அதற்கு மேற்பட்டால் டொல்பி டிஜிட்டல் இரட்டை ஒலி, 192 அல்லது 256 கிலோபிட். அதன் காப்புரிமைகள் 2017 இல் முடிவடைந்துவிட்டதால் இலவச மென்பொருளிலேயே செய்துகொள்ளலாம். எம்பெக் லேயர் 2 எமது சாதாரண பிளேயர்களில் பாடினாலும், ஒப்டிகல் வயர் மூலம் இணைக்கும் ஹோம் தியேட்டர்கள் பலவற்றில் சத்தமே வராது. அதனைத் தவிர்ப்பது நல்லது.

இரண்டு சிறு விடயங்களையும் மறந்துவிடக் கூடாது. டிவிடிக்கு 48 கிலோஹேர்ட்ஸ் ஒலி வேண்டும். ஒலி சீடியில் இருப்பதோ 44.1. சீடியிலிருந்து எடுக்கும் ஒலியை முதலிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். அடுத்தது, டொல்பியில் ‘டயலொக் நோர்மலைசேஷன்’ என்றொரு அமைப்பு உண்டு. சில மென்பொருட்கள் அதனைத் தாமாகவே -27 இல் வைத்துவிடும். அப்போது சத்தம் 4 டெசிபல் குறைந்து கேட்கும். ‘சத்தம் காணாது’ என்று திரும்பி வரும் டிவிடிகள் சிலவற்றின் மர்மம் இதுதான். அதனை -31 இல் வைத்தால் ஒலி குறைக்கப்படாமல் அப்படியே வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாடாவிலிருந்து முதலில் எடுத்த சுருக்கப்படாத ஒலியை ஒரு பென் டிரைவில் இட்டு டிவிடியுடன் சேர்த்துக் கொடுங்கள். செலவு சொற்பம். இன்னும் சில வருடங்களில் டிவிடி பிளேயர் கிடைக்காமல் போகலாம். அன்றும் அந்த வாப்பாவின் குரல் பிள்ளைகளின் கையில் இருக்கும். அடுத்த வீட்டாரிடம் உங்கள் பெயரைச் சொல்லி அனுப்புவதும் அந்தப் பிள்ளைகள்தான். சிறு தொழிலுக்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை.