நான் 'ஏஜ்டு பர்சன்' இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் டெபாசிட்டைப் புதுப்பிக்க மகனோடு ஒரு வங்கிக்குப் போனேன். பணம் என்னுடையது. படிவத்தைப் பூர்த்தி செய்ததும் நான்தான். கவுன்ட்டரில் இருந்த பெண் அதை வாங்கிக்கொண்டு என் மகனைப் பார்த்து, "அம்மா ஏஜ்டு பர்சன், நீங்களே சொல்லுங்க சார், எத்தனை வருஷத்துக்குப் போடணும்?" என்றார். அவனும் சொல்லிவிட்டான். எனக்கு வயது 66. காது நன்றாகவே கேட்கிறது.

வீட்டுக்கு வந்து கோபப்பட்டேன். "ஒரு வார்த்தைதானே அம்மா" என்றான். முப்பது வருஷம் ஆங்கிலப் பாடம் நடத்தியவளிடம் சொல்லக்கூடாத பதில் அது.

'ஓல்டு' என்பதில் தப்பே இல்லை. ஆறு மாதக் குழந்தையையும் 'சிக்ஸ் மன்த்ஸ் ஓல்டு' என்றுதானே சொல்கிறோம்! 'ஏஜ்டு' என்பதற்குப் பின்னால் எண் வந்தால் அது வெறும் கணக்கு. ஆளுக்கு முன்னால் வந்தால் 'ஏஜிட்' என்று இரண்டு அசையாக உச்சரிக்க வேண்டும். அப்போது தளர்ந்தவர் என்ற நிழலும் கூடவே வரும். 'எல்டர்லி' கேட்க மென்மையாக இருக்கும். அதற்குள்ளும் 'பாவம், முடியாதவர்' என்பது ஒளிந்திருக்கிறது. 'எல்டர்ஸ்' அப்படியல்ல, சொல்லுக்கு மதிப்புள்ள பெரியவர்கள்.

இன்னொன்று. சீனியர், செனட், சீனைல் மூன்றும் முதுமையைக் குறிக்கும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. ஒன்று மரியாதை, ஒன்று ஆட்சி மன்றம், ஒன்று புத்தி தடுமாறியவர் என்ற ஏச்சு. இவற்றில் எதைப் பொறுக்கி எடுக்கிறோம் என்பது நம் மனசைக் காட்டும்.

தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? பழந்தமிழில் கிழவன் என்றால் உரிமையுடையவன், தலைவன். கிழமை என்றால் உரிமை. இன்று 'கிழம்' என்று திட்டுகிறோம். உரிமை போய்விட்டது, வயது மட்டும் மிஞ்சியது.

2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 வயதானால் மூத்த குடிமக்கள். வருமான வரியில் 80 ஆனால் 'சூப்பர் சீனியர்'. இவை பாதுகாப்புக்கும் சலுகைக்கும் வைத்த எண்கள். 60 வயதில் மூளையும் ஓய்வு பெறும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வயதை வைத்து ஆளை ஒதுக்கும் இந்தப் புத்திக்கு 1969-இலேயே ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 'ஏஜிசம்' என்று பெயர் வைத்துவிட்டார்.

"மறதி வந்தவர்களை என்ன செய்வது டீச்சர்?" என்று கேட்பீர்கள். உதவுங்கள். ஆனால் முதல் கேள்வியை அவர்களிடமே கேளுங்கள். இன்று டெபாசிட்டுக்குக் கேட்காதவர்கள், நாளை வீட்டை விற்கும்போதும் ஆபரேஷன் செய்யும்போதும் கேட்கமாட்டார்கள்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. என் மாமியாரை டாக்டரிடம் கூட்டிப்போன நாளெல்லாம் "எங்கே வலிக்குது?" என்ற கேள்விக்கு நானே பதில் சொன்னேன். அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்த மௌனம் போன வாரம்தான் எனக்குப் புரிந்தது.

ஆகவே எல்லோருக்கும் வீட்டுப்பாடம். இன்று உங்கள் அப்பாவிடமோ அம்மாவிடமோ ஒரு விஷயத்தில் கருத்துக் கேளுங்கள். பதில் வரும்வரை குறுக்கே பேசாமல் காத்திருங்கள். என் மகனும் இதைப் படிப்பான். படிக்கட்டும்.