கல்லூரிக் கூடைப்பந்தும் தொழில்முறைக் கூடைப்பந்தும்: இரசிகனின் விசுவாசம் எதன் மீது?

ஐக்கிய அமெரிக்காவில் வருடாவருடம் மார்ச் மாதம் பிறந்ததும் கூடைப்பந்தாட்ட இரசிகர்கள் மத்தியில் ஒரு பழைய விவாதம் மீண்டும் தலைதூக்குவது வழமை. பல்கலைக்கழக அணிகளின் ஆட்டமா (அமெரிக்கர்கள் அதனைக் 'கல்லூரிக் கூடைப்பந்து' என்றே அழைப்பர்) அல்லது என்.பி.ஏ. எனப்படும் தொழில்முறை ஆட்டமா இரசிகனுக்குக் கூடுதல் நிறைவைத் தருகின்றது என்பதே அந்த விவாதம். அங்கு வாழும் நண்பர்களுடன் இதுபற்றிப் பேசும்போதெல்லாம், அவர்களுடைய பதில்களில் விளையாட்டைப் பற்றிய மதிப்பீட்டைவிட தங்களைப் பற்றிய வாக்குமூலமே அதிகமாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

ஆற்றலை மாத்திரம் அளவுகோலாகக் கொண்டால் விவாதிப்பதற்கு எதுவுமேயில்லை. என்.பி.ஏ.யில் 30 அணிகள். அணியொன்றுக்கு 15 பேர் என்று கொண்டால், உலகம் முழுவதிலிருந்தும் வடித்தெடுக்கப்பட்ட சுமார் 450 பேர். கல்லூரி விளையாட்டின் முதலாம் பிரிவிலோ 350 க்கும் அதிகமான அணிகள். அந்த மாணவர்களில் மிகப்பெரும்பாலானோர் என்.பி.ஏ. அரங்கில் ஒருபோதும் கால்பதிக்கப் போவதில்லை. அவ்வாறிருந்தும், தரத்தில் குறைந்த ஆட்டத்தை மூன்று வாரங்களுக்கு ஒரு நாடே தொலைக்காட்சியின் முன்னால் அமர்ந்து பார்ப்பதற்குக் காரணம் என்ன?

முதலாவது காரணம் போட்டியின் அமைப்பு. கல்லூரிகளின் தேசிய சுற்றுப்போட்டியில் 2011 தொடக்கம் 68 அணிகள் பங்கேற்று வருகின்றன. ஒரு தோல்வி போதும், வீடு திரும்பவேண்டியதுதான். என்.பி.ஏ.யிலோ 82 ஆட்டங்களைக் கொண்ட நீண்ட பருவத்துக்குப் பின்னர், ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்லும் அணியே அடுத்த சுற்றுக்குச் செல்லும். ஒரு நாள் அதிர்ஷ்டம் அங்கு எடுபடாது. பொதுவில் சிறந்த அணியே வெல்கிறது. கல்லூரி ஆட்டத்தில் அத்தகைய உத்தரவாதம் கிடையாது. 1985 தொடக்கம் 2017 வரை, பதினாறாம் நிலையில் தரப்படுத்தப்பட்ட அணிகள் முதலாம் நிலை அணிகளுடன் மோதிய 132 ஆட்டங்களிலும் தோல்வியே கண்டன. 2018 மார்ச்சில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் போல்ரிமோர் கவுண்டி அணி, வேர்ஜீனியாவை 74 - 54 என்ற புள்ளிகளில் வீழ்த்தியது. 2023 இல் பெயர்லி டிக்கின்சன், பேர்டியூவை 63 - 58 என்று வென்றது. இத்தகைய ஓர் இரவுக்காகவே இரசிகன் பல வருடங்கள் காத்திருக்கிறான்.

இரண்டாவது காரணம் இடம். தொழில்முறை அணி என்பது ஒரு முதலாளியின் சொத்து. 1979 இல் சம்பியனான சியற்றில் சூப்பர்சொனிக்ஸ், 41 பருவங்களை அந்நகரில் கழித்த பின்னர் 2008 இல் ஒக்லஹோமா நகருக்கு இடம்மாற்றப்பட்டது. சியற்றில் இரசிகர்களால் அதைத் தடுத்துநிறுத்த முடியவில்லை. பல்கலைக்கழகத்தை எவராலும் பெயர்த்துக்கொண்டு செல்லமுடியாது. 1891 இல் இந்த விளையாட்டை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் பயிற்றுநராக இருந்த கன்சாஸ் பல்கலைக்கழகம் இன்றும் லோறன்ஸ் நகரிலேயே இருக்கிறது. அங்கு படித்தவர் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் அந்த அணி அவருடையதே.

கல்லூரி ஆட்டத்தின் ஆதரவாளர்கள் இதற்கு அப்பாலும் சென்று, தொழில்முறை ஆட்டம் சுயநலமானது, கூட்டுணர்வற்றது என்று கூறுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 2014 இறுதித் தொடரில் மயாமியை 4 - 1 என்று தோற்கடித்த சான் அன்ரோனியோ ஸ்பேர்ஸ் அணியின் பந்துப் பரிமாற்றத்தைப் பார்த்தவர்கள் அவ்வாறு கூறமாட்டார்கள். ஆட்டத்தை விறுவிறுப்பாக்கிய சீர்திருத்தங்களிலும் என்.பி.ஏ. முந்திக்கொண்டது. 1950 இல் ஃபோர்ட் வேய்ன் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19 - 18 என்று வென்ற சலிப்பூட்டும் ஆட்டம் போன்றவற்றுக்கு முடிவுகட்ட, 24 விநாடிகளுக்குள் பந்தைக் கூடைக்கு எறியவேண்டும் என்ற விதியை அது 1954 இல் கொண்டுவந்தது. கல்லூரி ஆடவர் ஆட்டத்தில் நாடளாவிய நேர வரையறை வந்தது 1985 இல்தான். தொழில்முறை ஆட்டத்தின் உண்மையான குறை வேறு. நட்சத்திர வீரருக்கு 'ஓய்வு' வழங்கப்படும் நாளில் நுழைவுச்சீட்டு வாங்கிய குடும்பம் ஏமாற்றத்துடன் திரும்புகிறது. பிரதான விருதுகளுக்குத் தகுதிபெற 65 ஆட்டங்களிலாவது விளையாடியிருக்கவேண்டும் என்ற விதியை 2023 - 24 பருவத்தில் என்.பி.ஏ. அறிமுகப்படுத்த நேர்ந்ததே இந்தக் குறைக்குச் சான்று.

கல்லூரி ஆட்டத்தின் 'தூய்மை' பற்றிய பேச்சையும் நாம் சந்தேகத்துடனேயே நோக்கவேண்டும். அந்தச் சுற்றுப்போட்டியின் ஒளிபரப்பு உரிமை 2010 இல் 14 வருடங்களுக்கு 1,080 கோடி டொலர்களுக்கு விற்கப்பட்டது. பயிற்றுநர்கள் கோடிகளில் சம்பளம் பெற்றனர்; கூடுதல் தொகை கிடைத்தால் வேறு பல்கலைக்கழகத்துக்குத் தாவினர். வியர்வை சிந்திய மாணவனுக்குப் புலமைப்பரிசில் மாத்திரமே. 1995 இல் சம்பியனான லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணியின் எட் ஓபனன், ஒரு கணினி விளையாட்டில் தனது உருவத்தையே கண்டு 2009 இல் நீதிமன்றம் சென்றார். 2021 ஜூனில் இன்னொரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் மாணவர்களின் பக்கம் நின்றனர். அடுத்த மாதமே, தங்கள் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்துவதற்குப் பணம்பெறும் வாய்ப்பு மாணவர்களுக்குக் கிடைத்தது. 2025 ஜூனில் அங்கீகரிக்கப்பட்ட இணக்கத்தீர்வு, பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்க வழிவகுத்தது.

பணம் வந்ததால் கல்லூரி ஆட்டத்தின் கவர்ச்சி போய்விட்டது என்று இப்போது பல இரசிகர்கள் அங்கலாய்க்கிறார்கள். இதற்கு நல்ல பதில் ஐயோவாப் பல்கலைக்கழகத்தின் கெய்ற்லின் கிளார்க். விளம்பரங்களால் பெரும் வருவாய் ஈட்டிய அவர், 2020 தொடக்கம் 2024 வரை நான்கு பருவங்களும் ஒரே அணியில் விளையாடினார். தென் கரோலினாவிடம் அவரது அணி தோற்ற 2024 மகளிர் இறுதி ஆட்டத்தைச் சராசரியாக ஒரு கோடி 89 இலட்சம் பேர் பார்த்தனர். அதே வருட ஆடவர் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்களைவிட அது சுமார் 40 இலட்சம் அதிகம். அவர் பணம் பெறுகிறார் என்பது எவரையும் விரட்டவில்லை. ஒரு மாணவி வளர்வதை நான்கு வருடங்கள் பார்க்கக்கிடைத்த வாய்ப்பே இரசிகர்களை ஈர்த்தது.

ஆகவே, இரசிகர்களின் அன்புக்கு அவசியமானது வீரனின் வறுமையல்ல, காலம். ஒரேயொரு பருவம் மாத்திரம் ரொறன்ரோவில் விளையாடிவிட்டு 2019 ஜூலையில் வெளியேறிய கவாய் லெனார்ட்டை அந்நகரம் நேசிக்கவில்லையா என்று கேட்கலாம். பிலடெல்பியாவுக்கு எதிராக வளையத்தின் மீது நான்கு முறை துள்ளிய பின்னர் உள்ளே விழுந்த அந்தப் பந்தைப் பற்றி அங்குள்ள தமிழ் இளைஞர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. ஆனால், அவர் சம்பியன் பட்டத்தைக் கொடுத்துவிட்டுச் சென்றார். பட்டம் எதையும் மன்னிக்கவைக்கும். வருடமொன்றுக்கு ஒரு அணிக்கே அது கிடைக்கிறது. ஏனைய அணிகளின் இரசிகர்களுக்கு எஞ்சுவது தெரிந்த முகங்கள் மாத்திரமே.

வருடாவருடம் அணி மாறும் இன்றைய நிலைக்குப் பரிகாரம், மாணவர்களை மீண்டும் வெறுங்கையுடன் கட்டிவைப்பது அல்ல. இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் பல வருட ஒப்பந்தங்களை நேர்மையாகச் செய்துகொள்வதே. அதற்குப் பல்கலைக்கழகங்கள் தயாரில்லையென்றால், கல்லூரிக் கூடைப்பந்து என்பது தரம் குறைந்த இன்னொரு தொழில்முறை ஆட்டமாக மாறிவிடும். தரமான ஆட்டம்தான் தேவை என்றால், இரசிகர்கள் பார்ப்பதற்கு என்.பி.ஏ. ஏற்கெனவே இருக்கிறது.