கர்னலுக்குள் டிரைவர் இல்லாத கார்ட் வேண்டாம்

கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் லினக்ஸில் இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்கும்: லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே இருக்கும், இல்லாவிட்டால் கார்டைத் தயாரித்த நிறுவனத்தின் கையில் இருக்கும். முதலாவது வகைக் கார்ட் பதினைந்து வருடம் கழித்தும் புதிய லினக்ஸில் படம் காட்டுகிறது. இரண்டாவது வகை, நிறுவனம் கைவிடும் நாள் வரைதான். பாடசாலைக்கும் திணைக்களத்துக்கும் கணினி வாங்க எழுதப்படும் விவரக்கூற்றில் ராம் எத்தனை ஜிபி, திரை எத்தனை அங்குலம் என்பதெல்லாம் இருக்கும்; டிரைவர் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை யாரும் எழுதுவதில்லை. இலங்கையில் இனி அதை எழுத வேண்டும். கர்னலுக்குள் டிரைவர் இல்லாத கார்டை, தவிர்க்க முடியாத தேவை காட்டப்பட்டால் ஒழிய, பொதுப்பணத்தில் வாங்கக் கூடாது.

இது இப்போது அவசரமானதற்குக் காரணம் உண்டு. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் ப்ரொசெஸர்களை, மிகச் சில நீங்கலாக, ஏற்பதில்லை. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட இங்கே வந்திறங்கிய டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் பெட்டிகளில் நாலாம், ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 சாதாரணம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி, கையில் இருக்கும் காசுக்கு ஒன்றை வாங்கி வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ முச்சக்கர வண்டியில் கொண்டுபோகும் குடும்பத்துக்கு வாய்ப்பது இந்த வகைப் பெட்டிதான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய விலை திரும்பவில்லை. புதியது வாங்கச் சொல்வது லேசு.

இந்தப் பெட்டிகளை இன்னும் ஐந்தாறு வருடம் ஓட்ட உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை போதும். பாமினி எழுத்துருவில் பேஜ்மேக்கரை வைத்துக் கலியாண அழைப்பிதழும் அந்தியேட்டிக் கல்வெட்டும் அடிக்கும் அச்சகத்துக்கு இந்த யோசனை ஒத்துவராது. அதன் சிக்கல் வேறு. இணையம், கடிதம், கணக்கு, மாணவர்களின் பைதன் பயிற்சி என்பவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. இன்டெல் ப்ரொசெஸருக்குள்ளேயே அடங்கிய எச்டி 4600, எச்டி 530, எச்டி 630 ஆகியவற்றின் டிரைவர் ஐ915 என்ற பெயரில் கர்னலில் இருக்கிறது. யூஎஸ்பியிலிருந்து மின்டை ஏற்றினால் திரை சரியான அளவில் விரிகிறது. தொந்தரவு தொடங்குவது, பிள்ளை கேம் விளையாடட்டும் என்று பிறகு செருகிய வீஜிஏ கார்டில். கறுத்த திரை; கணினி எழும்பும்போது வரும் கிரப் பட்டியலில் ‘நோமோட்செட்’ என்று தட்டிச் சேர்த்தால் 1024க்கு 768 அளவில் மங்கலாக ஒரு படம்; அதன் பிறகு டிரைவர் தேடல்.

கர்னல் வளரும் விதமே இதற்குக் காரணம். அதன் உட்புற இடைமுகங்கள் மாறாமல் இருக்கும் என்று உருவாக்குநர்கள் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. கொடுக்கப் போவதில்லை என்று கர்னலின் ஆவணத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஓர் இடைமுகத்தை மாற்றுபவர் அதைப் பயன்படுத்தும் உள் டிரைவர்கள் அத்தனையையும் கூடவே திருத்திவிட வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். ஆகவே உள்ளே இருக்கும் டிரைவர், அதை எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டாலும், கம்பனி மூடப்பட்டாலும், காலத்தோடு சேர்ந்து நகர்கிறது. வெளியே இருக்கும் டிரைவரை ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் நிறுவனமே பொருத்தித் தர வேண்டும். அது கையை எடுத்துவிட்டால், வழமையான அப்டேட் ஒன்றுக்குப் பிறகு மொட்யூல் கட்டப்படாமல் நின்றுவிடும். கணினி எழும்பும், திரை எழும்பாது.

என்விடியா இப்படிக் கையை எடுத்துக்கொண்டே வருகிறது. ஜிபோர்ஸ் 210 போன்ற கார்டுகளுக்கான 340 வரிசை டிரைவர் 2019 இறுதியோடு முடிந்தது. 400, 500 இலக்கக் கார்டுகளின் 390 வரிசை 2022 டிசம்பரிலும், 600, 700 இலக்கங்களில் பெரும்பாலானவற்றின் 470 வரிசை 2024 செப்டெம்பரிலும் முடிந்தன. 2025 டிசம்பரில் வந்த 590 வரிசை மெக்ஸ்வெல், பஸ்கல் தலைமுறைகளை விட்டுவிட்டது. ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 970, 1050 டிஐ, 1060, ஜிடி 1030 எல்லாம் இதில் அடங்கும். அவற்றுக்கு 580 வரிசையே கடைசி.

வாங்குபவர் எவ்வளவு இருட்டில் நிற்கிறார் என்பதற்கு ஜிடி 730 ஒன்றே போதும். 2014இல் வந்த மலிவுக் கார்ட் அது. பெட்டியில் ஒரே பெயர், உள்ளே வெவ்வேறு சிப். ஒன்று ஜிஎஃப்108: பெர்மி தலைமுறை, 96 கோர். மற்றது ஜிகே208: கெப்லர் தலைமுறை, 384 கோர். பெர்மிக்கு டிரைவர் 2022இல் நின்றது, கெப்லருக்கு 2024இல். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மெமரி 128 பிட் என்று பெட்டியில் போட்டிருப்பது பழைய பெர்மி. 64 பிட் என்றிருப்பது புதிய கெப்லர். பெரிய எண்ணைப் பார்த்துக் கெட்டித்தனமாக வாங்குபவரின் கையில்தான் பழையது வந்து சேரும். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ என்று தட்டினால் சிப்பின் பெயர் ஒரு வரியில் வந்துவிடுகிறது. கடையில் அதைச் செய்து காட்டச் சொல்லிக் கேட்பவர் அருமை.

நிறுவனம் கைவிட்டால் நூவோ இருக்கிறதே என்று சொல்வதுண்டு. என்விடியாவின் உதவி இல்லாமல், கார்டின் நடத்தையைக் கவனித்தே தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கிய திறந்த மூல டிரைவர் அது, கர்னலுக்குள் இருக்கிறது. பல பழைய கார்டுகளில் அன்றாட மேசைக் கணினி வேலைக்கு அது போதும். எல்லாக் கார்டிலும் போதாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கணினி எழும்பும்போது கார்ட் தாழ்ந்த வேகத்தில் தொடங்கும். டிரைவர்தான் அதை உயர்த்த வேண்டும். கெப்லர் கார்டுகளில் நூவோவின் வழியே வேகத்தைக் கையால் உயர்த்தலாம். 2014 செப்டெம்பரில் ஜிடிஎக்ஸ் 970, 980 வந்தபோது, கார்டை ஆளும் பேர்ம்வெயரில் தன் டிஜிட்டல் கையொப்பம் இருந்தே ஆக வேண்டும் என்று என்விடியா வைத்துவிட்டது. கையொப்பமிட்டவற்றில் படம் வரைவதற்கு வேண்டியதைத் தாமதமாக வெளியிட்டது. வேகத்தையும் மின்சாரத்தையும் ஆள்வதற்கு வேண்டியதை வெளியிடவில்லை. 2018இல் வந்த டூரிங் தலைமுறையில் ஜிஎஸ்பி என்ற தனிச் செயலி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அதன் பேர்ம்வெயர் கிடைப்பதால் 2024 ஜனவரியில் வந்த 6.7 கர்னல் முதல் நூவோவும் அதைப் பயன்படுத்துகிறது.

விளைவு விசித்திரமானது. கையொப்பப் பூட்டுக்கு முந்தியவற்றுக்கும் வழி இருக்கிறது, டூரிங் முதலானவற்றுக்கும் வழி இருக்கிறது. நடுவில் 900, 1000 இலக்கக் கார்டுகள் தொடக்க வேகத்திலேயே பூட்டப்பட்டுக் கிடக்கின்றன. 580 வரிசை ஓய்ந்த பிறகு 2016ஆம் ஆண்டின் ஜிடிஎக்ஸ் 1060 திறந்த டிரைவரில் தன்னைவிடப் பழைய கெப்லர் கார்டுக்குப் பின்னால் நிற்கக்கூடும். சிப்பில் பழுது இல்லை. திறப்பு நிறுவனத்தின் அலுமாரியில் இருக்கிறது. விற்பனையும் முடிந்து ஆதரவும் முடிந்த பொருளைப் பூட்டி வைத்திருப்பதற்கு நியாயம் கிடையாது. ஆதரவை நிறுத்தும் அதே நாளில் அந்தப் பேர்ம்வெயரையும் ஆவணங்களையும் என்விடியா வெளியிட வேண்டும்.

முடியாத காரியம் அல்ல என்பதற்கு ஏஎம்டி சாட்சி. 2006இல் ஏடிஐ நிறுவனத்தை வாங்கி, அடுத்த வருடமே கார்டுகளின் ஆவணங்களை வெளியிடப் போவதாக அறிவித்தது. 2015இல் ஏஎம்டிஜிபியு என்ற டிரைவர் 4.2 கர்னலுக்குள் சேர்ந்தது. 2010இல் வந்த ரேடியான் எச்டி 5450ஐ விண்டோஸில் ஏஎம்டி 2015இலேயே கைகழுவிவிட்டது. லினக்ஸில் அதே கார்ட் இன்றும் கர்னலில் உள்ள ரேடியான் டிரைவரில் ஓடுகிறது. வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்துக்கான ராட்வி டிரைவரை ஏஎம்டிக்கு வெளியே உள்ளவர்கள் 2016இல் எழுதத் தொடங்கினார்கள். 2025இல் ஏஎம்டி தன்னுடைய ஏஎம்டிவிஎல்கே டிரைவரை நிறுத்திவிட்டு ராட்வியையே ஏற்றுக்கொண்டது. ஏஎம்டி கார்டுகளுக்கும் மூலநிரல் இல்லாத பேர்ம்வெயர் தேவை என்பதால் அந்த நிறுவனத்துக்குப் பொன்னாடை போர்த்த வேண்டியதில்லை. இன்டெல்லும் ஒருமுறை பவர்விஆர் சிப்பை வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஜிஎம்ஏ 500இல் லினக்ஸ் பாவனையாளர்களைத் தவிக்கவிட்டது. பெட்டியின் மேல் உள்ள பெயரைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

எந்த நிறுவனமும் ஒரு பொருளை என்றைக்கும் தாங்கிக்கொண்டிருக்க முடியாது என்ற வாதம் நேர்மையானது. பஸ்கலுக்கு என்விடியா ஒன்பது வருடம் டிரைவர் தந்தது. குறைவான காலம் அல்ல. ஆனால் அந்த ஒன்பது வருடம் கார்ட் முதலில் விற்கப்பட்ட இடத்தில் எண்ணப்படுவது. இலண்டனில் ஓர் அலுவலகத்தில் ஐந்து வருடம் ஓடி, கொள்கலனில் ஏறி, கொட்டாஞ்சேனையில் இரண்டாவது பிறவி எடுக்கும் கணினிக்கு மிஞ்சுவது நாலு வருடம். புதிதாக வாங்குபவரைவிடப் பாவித்ததை வாங்குபவருக்கே கர்னலுக்குள் இருக்கும் டிரைவர் அதிகம் தேவைப்படுகிறது. இலங்கை பெரும்பாலும் இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறது.

கார்டைக் கணிப்பு வேலைக்குப் பயன்படுத்த உதவும் என்விடியாவின் குடா விஷயம் உண்மையான விதிவிலக்கு. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்திலோ கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியிலோ இயந்திரக் கற்றல் ஆய்வு செய்பவரிடம் என்விடியாவை விடச் சொல்வது நடைமுறைக்கு உதவாது. அந்தத் தேவையை எழுத்தில் காட்டி வாங்கட்டும். டூரிங் அல்லது அதற்குப் பிந்திய தலைமுறையாக இருக்கட்டும். அவற்றுக்கான கர்னல் மொட்யூலின் மூலநிரலை 2022 மே மாதத்தில் என்விடியா திறந்துவிட்டது. மேல் அடுக்கு இன்னும் மூடியே இருக்கிறது என்றாலும், அடியில் உள்ளது திறந்திருப்பதால் பின்னால் வருபவர்களுக்குப் பிடிமானம் உண்டு. பாடசாலை ஆய்வுகூடத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் இந்த விதிவிலக்கைக் கேட்க ஒரு காரணமும் கிடையாது.

ஆகவே பெறுகை ஆவணத்தில் சேர வேண்டிய வாசகம் நீளமானதல்ல: வழங்கப்படும் கணினியின் கிராபிக்ஸ், தனியாக எதையும் தரவிறக்காமல், அன்றைய நீண்டகால ஆதரவுக் கர்னலில் முழுத் திரை அளவில் இயங்க வேண்டும், ஏற்றுக்கொள்ளுமுன் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு யூஎஸ்பியும் பத்து நிமிடமும் போதும் என்பதால் செலவைக் காரணம் காட்ட முடியாது. கேரளத்தில் அரச பாடசாலைகளின் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் லினக்ஸில் ஓடுவதாக 2019இல் கணக்குச் சொல்லப்பட்டது. அத்தனை பெட்டிகளில் டிரைவர் தேடி அலைந்தால் எந்த மாநிலமும் தாங்காது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு சகானா என்ற திறந்த மூல அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதி வெளிநாடுகளுக்கும் பயன்பட வைத்த நாட்டில் இந்தச் சோதனையைச் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பழைய மாணவர் சங்கங்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் காசு சேர்த்து அனுப்பும் கணினிகளுக்கும் அதிபர்கள் இதே சோதனையைக் கேட்க வேண்டும். அன்பளிப்பு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் அடுத்த வருடம் அது ஆய்வுகூடத்தின் மூலையில் இலத்திரனியல் கழிவாகக் குவியும்.

கடைக்காரர்களிடம் கேட்க வேண்டியது இன்னும் சிறியது: பற்றுச்சீட்டில் கார்டின் விற்பனைப் பெயரோடு சிப்பின் பெயரும் இருக்க வேண்டும். ஜிடி 730 என்று மட்டும் எழுதுவது வாங்குபவருக்கு எதையும் சொல்வதில்லை. ஜிகே208 என்று எழுதினால் எல்லாம் தெரிந்துவிடும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பொருள்களின் விவரச்சீட்டுப் பற்றிப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குக் கொடுத்திருக்கிறது. அரிசிக்கும் தேங்காய்க்கும் பயன்படும் அதிகாரத்தைக் கணினிக் கடைப் பக்கமும் கொஞ்சம் திருப்பலாம்.

ஏற்கெனவே மெக்ஸ்வெல், பஸ்கல் கார்டுகளை வைத்திருப்பவர்கள் உடனே எதையும் வீசத் தேவையில்லை. 580 வரிசையோடு நீண்டகால ஆதரவுக் கர்னல் ஒன்றில் நின்றுகொண்டு, கர்னலைக் கண்டபடி ஏற்றாமல் இருந்தால் இன்னும் சில காலம் ஓட்டலாம். பெர்மி, கெப்லர் கார்டுகளுக்கு நூவோவே போதும். விளையாட்டுத் தேவை இல்லாத அலுவலகத்திலும் ஆய்வுகூடத்திலும் கார்டையே கழற்றிவிட்டு, மொனிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையில் செருகுவது இன்னும் நல்லது. ப்ரொசெஸர் இலக்கத்தின் முடிவில் எஃப் என்ற எழுத்து இருக்கும் இன்டெல் சிப்களில் உள்ளடங்கிய கிராபிக்ஸ் கிடையாது. அவற்றில் இது பலிக்காது.